ஜென்மப்பாவம் பிள்ளைக்கு வருவது எப்படி? கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் பிரியும் இடம்

பாம்பன்_மறைக்கல்வி

கணவன் மனைவியில் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அப்படிப்பட்ட வீடுகளுக்கான குழந்தைத் திருமுழுக்குத் தயாரிப்பு வகுப்புக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். ஜென்மப்பாவம் (ஆதாமின் வீழ்ச்சியால் பிறப்போடு வரும் பாவம்) பகுதியில் இப்போது இருக்கும் வரி:

"ஆதாம் செய்த குற்றம் இரத்தத்தின் வழியாகக் குழந்தைக்கு வருகிறது. திருமுழுக்கு அதைக் கழுவிவிடுகிறது."

இரண்டு வீட்டாரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள். "பிறப்போடு வருகிறது" என்பதில் இரு சபைக்கும் சண்டை இல்லை. வருவது எது, எந்த வழியாக, ஞானஸ்நானத்துக்குப் பிறகு மிச்சம் என்ன? இந்த மூன்றையும் விவரம் தெரிந்தவர்கள் திருத்தித் தாருங்கள்.

ஓரியூர்_வாசகன்

அக்கா, அந்த வரி கத்தோலிக்கப் போதனைப்படியே இரண்டு இடத்தில் தவறு. "செய்த குற்றம்" ஒன்று, "இரத்தத்தின் வழியாக" மற்றொன்று.

அடிப்படை ஆவணம், கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கத்தின் ஐந்தாம் அமர்வு, 1546 ஜூன் 17. ஐந்து விதிகள். முதல் விதி: ஆதாம் தான் பெற்றிருந்த புனிதத்தையும் நீதியையும் இழந்தான். இரண்டாவது: தனக்கு மட்டும் இழக்கவில்லை, நமக்கும் சேர்த்து இழந்தான், நமக்கு வந்தது சாவும் உடல் வேதனையும் மட்டுமல்ல, ஆன்மாவின் சாவாகிய பாவமும்தான். மூன்றாவதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது: இந்தப் பாவம் கடந்து வருவது பிறப்பித்தலால், பார்த்துப் பழகுவதால் அல்ல, ஒவ்வொருவரிடமும் அவரவருக்கே உரியதாக இருக்கிறது. நான்காவது குழந்தைத் திருமுழுக்கு. ஐந்தாவது, திருமுழுக்குக்குப் பின் எஞ்சும் இச்சை, அதாவது பாவத்தின்பால் சாய்க்கும் ஆசை.

"பார்த்துப் பழகுவதால் அல்ல" என்பது 5-ஆம் நூற்றாண்டுப் போதகர் பெலாஜியுசுக்குச் சொன்ன மறுப்பு. ஆதாம் ஒரு கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான் என்பது அவர் பக்கத்து வாதம். 418-இல் கார்த்தேஜ் சங்கமும் 529-இல் ஒராஞ்சு சங்கமும் அதை மறுத்துவிட்டன.

அப்படியானால் பிறப்பித்தலால் கடப்பது என்ன? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 404: பிறப்புநிலைப் பாவம் (ஜென்மப்பாவத்துக்கு இன்றைய கத்தோலிக்கச் சொல்) என்பது நாம் செய்தது அல்ல, நமக்கு நேர்ந்தது, செயல் அல்ல, ஒரு நிலை. "பாவம்" என்ற சொல்லே அங்கே ஒப்புமைப் பொருளில்தான் வருகிறது. எண் 405: ஆதாமின் வழிவந்த எவரிடமும் அது தனிப்பட்ட குற்றத்தின் தன்மை கொண்டதல்ல.

நம் கரை வழக்கில் சொன்னால்: சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) ஒருவர் படகைத் தோற்றுவிட்டார். பிறகு அவருக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை எதையும் தோற்கவில்லை. ஆனாலும் படகு இல்லாத வீட்டுப் பிள்ளைதான். அந்த இல்லாமை அப்பனுடையது மட்டுமல்ல, அவனுடையதும்கூட. இருப்பது ஒன்று கடந்து வர ஊடகம் வேண்டும், இரத்தமோ விதையோ ஏதோ ஒன்று. இல்லாமை கடந்து வர எதுவும் வேண்டியதில்லை. "இரத்தத்தின் வழியாக" என்பதை எடுத்துவிடச் சொல்வது அதனால்தான்.

இராம்நாடு_உபதேசியார்

தம்பி சொன்னது கத்தோலிக்கப் பக்கத்துக்குச் சரி. ஆனால் அந்தச் சம்மாட்டி உவமையை வகுப்பில் அப்படியே வைத்தால், சி.எஸ்.ஐ. வீட்டார் "எங்கள் போதனை இது இல்லை" என்று எழுந்து சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் பிரச்சினை படகு இல்லாததோடு நிற்கவில்லை. பிள்ளைக்கே நோய் இருக்கிறது.

ஆங்கிலிக்க 39 விதிகளில் ஒன்பதாவதைப் பாருங்கள். பெலாஜியர் சொல்வதுபோல ஆதாமைப் பின்பற்றுவது அல்ல என்பதில் அதுவும் திரெந்தும் ஒரே குரல். அடுத்த வாக்கியத்தில் பாதை பிரிகிறது: ஆதாமின் சந்ததியாய் இயல்பாகப் பிறந்த ஒவ்வொரு மனுஷனுடைய சுபாவத்திலும் உள்ள பழுதும் சீர்கேடும்தான் ஜென்மப்பாவம். இந்தத் தொற்று மறுபடியும் பிறந்தவர்களிடத்திலும் நிலைத்திருக்கிறது. அந்த இச்சைக்குத் தன்னளவிலேயே பாவத்தின் தன்மை உண்டு.

லூத்தரன் பக்கம் 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, இரண்டாம் பிரிவு: மனுஷர் தேவபயம் இல்லாமல், தேவன்மேல் நம்பிக்கை இல்லாமல், இச்சையோடு பிறக்கிறார்கள், அது மெய்யாகவே பாவம். "இல்லாமல்" என்பதும் இருக்கிறது, "இச்சையோடு" என்பதும் இருக்கிறது. இல்லாமையும் சீர்கேடும் சேர்ந்தே வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. "சி.எஸ்.ஐ. இப்படிப் போதிக்கிறது" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். 1947 செப்டம்பர் 27-இல் ஒன்றானவை ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள். எங்கள் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்திலேயே மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் (காங்கிரகேஷனல்) வேர், இராமநாதபுரத்தில் எஸ்.பி.ஜி. (ஆங்கிலிக்கன் மிஷன்) வேர். "சி.எஸ்.ஐ.யில் சேர்ந்த மரபுகள் போதிக்கிறபடி" என்று எழுதுங்கள்.

மண்டபம்_சீர்திருத்தம்

ஐயா நோயைச் சொன்னார். சீர்திருத்த மரபில் அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. குற்றக்கணக்கு.

வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை (1646), ஆறாம் அதிகாரம், மூன்றாம் பிரிவு இரண்டு வினைச்சொற்களைப் பிரித்து வைக்கிறது. ஆதாமின் பாவத்தின் குற்றம் சந்ததிமேல் எண்ணப்பட்டது. சீர்கெட்ட சுபாவம் சந்ததிக்குக் கடத்தப்பட்டது. எண்ணப்படுவது நீதிமன்றச் செயல். கடத்தப்படுவது பிறப்பு வழி. வகுப்பு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

"எண்ணப்பட்டது" என்பது தமிழ் வேதாகமத்தில் ரோமர் 4-ஆம் அதிகாரத்துச் சொல். ஆபிரகாமுக்கு விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது. அதே கணக்குப் புத்தகத்தின் மறுபக்கம் இது.

சம்மாட்டி உவமையையே எடுத்துக்கொண்டால், படகு போனது மட்டுமல்ல. ஊர் முழுமைக்கும் பிரதிநிதியாக நின்று அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மீறினார், ஊரே மீறியதாகிறது. உடன்படிக்கைத் தலைமை என்பது இதுதான்.

சீர்திருத்த மரபின் முன்னோடி கால்வின் இதை இவ்வளவு சட்டமொழியில் சொல்லவில்லை. அவருடைய கிறிஸ்தவ மதப் போதனை நூலின் 1559 பதிப்பில், இரண்டாம் புத்தகம் முதல் அதிகாரத்தில், மாம்சத்தின் பொருளிலோ ஆத்துமாவின் பொருளிலோ காரணத்தைத் தேட வேண்டாம் என்கிறார். ஆதாமுக்குக் கொடுத்த வரங்களை அவன் தனக்கும் தன்னுடையவர்களுக்கும் சேர்த்தே வைத்திருக்கவும் இழக்கவும் தேவன் நியமித்தார், அவ்வளவே. ஆக "இரத்தத்தின் வழியாக" என்பது கால்வினிடமும் நிற்காது. கூடவே, சீர்கேடு ஆத்துமாவின் எல்லாப் பகுதிகளிலும் பரவியது என்றும் அவர் சொல்கிறார். "முழுச் சீர்கேடு" என்றால் அந்தப் பரவல்தான். மனுஷன் எவ்வளவு கெட்டவனாக முடியுமோ அவ்வளவு கெட்டுவிட்டான் என்பது அல்ல. கத்தோலிக்க வகுப்புகளில் இது தவறாகவே சொல்லப்படுகிறது, திருத்த வேண்டியது.

கீழக்கரை_மாணவன்

நான் முஸ்லிம், ஒப்பீட்டுச் சமயம் படிக்கிறேன். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று திருக்குர்ஆன் 6:164 சொல்கிறது. உங்கள் எசேக்கியேல் 18:20-உம் அதையே சொல்கிறதே: குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. இதோடு மேலே சொன்னவை எப்படிப் பொருந்தும்?

ஓரியூர்_வாசகன்

நல்ல கேள்வி தம்பி. எசேக்கியேல் 18-இன் இரண்டாம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று சிறைப்பட்டவர்கள் பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எங்கள் தப்பு எதுவும் இல்லை" என்பது அதன் உட்பொருள். அதற்கு எதிராகத்தான் தீர்க்கதரிசி பேசுகிறார். அவரவர் செயலுக்கு அவரவர் பொறுப்பு.

கத்தோலிக்கப் பக்கம் இந்த வசனத்தோடு மோதவே இல்லை. பிறப்புநிலைப் பாவம் குழந்தையின் செயல் அல்ல என்று சொல்லியாயிற்றே. ஆகவேதான் திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளைப் பற்றி மறைக்கல்வி 1261 கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஆவணமும் அவர்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணம் உண்டு என்கிறது. லிம்போ, அதாவது அக்குழந்தைகள் விண்ணகமும் இல்லாமல் வேதனையும் இல்லாமல் இருக்கும் நிலை, இறையியலாளர் கருத்தாக நெடுங்காலம் இருந்தது. விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. குழந்தையை இழந்த தாய் அந்த வகுப்பில் இருக்கக்கூடும் அக்கா. இந்தப் பத்தியைக் குறிப்பில் கட்டாயம் சேருங்கள்.

மண்டபம்_சீர்திருத்தம்

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி உண்மையிலேயே கடினம். குற்றம் எண்ணப்படுகிறது என்கிறோமே. உள்ளுக்குள்ளேயே 17-ஆம் நூற்றாண்டில் சண்டை நடந்தது. பிரான்சில் சோமூர் கல்விச்சாலையின் பிளாசேயுஸ், சீர்கெட்ட சுபாவத்தை முதலில் பெறுகிறோம், அதன் காரணமாகவே குற்றம் எண்ணப்படுகிறது என்றார். மற்றவர்கள் வரிசையை மாற்றினார்கள்: முதலில் குற்றம் எண்ணப்படுகிறது, அதன் தண்டனையாகச் சுபாவம் சீர்கெட்டு வருகிறது. பிளாசேயுஸ் சொல்வதை ஏற்றால் நீதிக் கேள்வியின் கடுமை தணியும். ஆனால் ரோமர் 5:19-இன் இணை உடைந்துபோகும்: "ஒரே மனுஷனுடைய கீழ்ப்படியாமையினாலே அநேகர் பாவிகளாக்கப்பட்டதுபோல, ஒருவருடைய கீழ்ப்படிதலினாலே அநேகர் நீதிமான்களாக்கப்படுவார்கள்." நாம் செய்யாத நீதி நமக்கு எண்ணப்படுவதை ஏற்றுக்கொண்டு, நாம் செய்யாத குற்றம் எண்ணப்படுவதை மட்டும் அநியாயம் என்று தள்ள முடியாது. எங்கள் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். எசேக்கியேல் ஒரு சாதாரணத் தகப்பனையும் மகனையும் பேசுகிறார். ஆதாமைப்போல மனுக்குலத்துக்கே நியமிக்கப்பட்ட தலைவனை அல்ல.

தொண்டி_விசுவாசி

பெந்தெகொஸ்தே பக்கமிருந்து. ரோமர் 5:12-ஐத் தமிழில் வாசியுங்கள்: "எல்லாமனுஷரும் பாவஞ்செய்தபடியால்" மரணம் எல்லாருக்கும் வந்தது. ஆதாமுக்குள் பாவம் செய்தார்கள் என்று அங்கே இல்லை. சுபாவம் வருகிறது, ஒப்புக்கொள்கிறோம். குற்றம் வருகிறது என்பதற்கு இந்த வசனத்தில் ஆதாரம் எங்கே? உபாகமம் 1:39 நன்மை தீமை அறியாத பிள்ளைகளைத் தனியே பிரித்து வைக்கிறது. விசுவாசித்து அறிக்கை செய்த பிறகே முழுக்கு ஞானஸ்நானம்.

ஓரியூர்_வாசகன்

இந்த இடத்தில் அண்ணன் சொல்வது மொழி அளவில் சரி. கிரேக்கத்தில் இருப்பது "எஃப் ஹோ". பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் "ஆனபடியால்" என்ற காரணப் பொருளில் எடுக்கிறார்கள். பழைய இலத்தீன் "இன் குவோ", அதாவது "அவனுக்குள்" என்று வாசிக்க இடம் கொடுத்தது. திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் அப்படித்தான் வாசித்தார். திரெந்தின் இரண்டாம், நான்காம் விதிகளிலும் அந்த இலத்தீன் வடிவமே வருகிறது. 1979-இல் வந்த இலத்தீன் வேதாகமப் பதிப்பான புதிய வுல்காத்தா "இயோ குவோத்", அதாவது "ஆனபடியால்" என்று மாற்றிவிட்டது. கோட்பாடு இதனால் விழுந்துவிடவில்லை. 12-ஆம் வசனத்தை எடுத்தாலும் 18-உம் 19-உம் நிற்கின்றன. ஆனால் 12-ஆம் வசனம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வகுப்பெடுத்தால், தொண்டி அண்ணன் கேட்டதையே எவரும் கேட்பார், பதில் இருக்காது.

இராம்நாடு_உபதேசியார்

எபேசியர் 2:3-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "சுபாவத்தினாலே கோபாக்கினையின் பிள்ளைகளாயிருந்தோம்." செயலினாலே என்று பவுல் எழுதவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் எங்கள் வழக்கத்துக்கும் இந்தச் "சுபாவத்தினாலே"தான் ஒரு பக்க அடி. மறுபக்கம் உடன்படிக்கை: 1 கொரிந்தியர் 7:14, விசுவாசியின் பிள்ளைகள் பரிசுத்தமானவர்கள்.

பாம்பன்_மறைக்கல்வி

"எந்த வழியாக" என்பது இன்னும் எனக்குத் தெளியவில்லை. ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று மறைக்கல்வி 366 சொல்கிறது. கடவுள் படைப்பது நல்லதாகத்தானே இருக்கும்? பெற்றோர் கொடுப்பது உடல். உடலில் பாவம் தங்காது. பாவம் நுழைய வாசல் எங்கே?

ஓரியூர்_வாசகன்

இந்த முடிச்சில் அகுஸ்தீனாரே (354–430) கடைசிவரை முடிவு சொல்லாமல் விட்டார். ஆன்மா பெற்றோரிடமிருந்தே வருகிறது என்று வைத்தால் பாவம் கடப்பதை விளக்குவது எளிது. ஆன்மாவைக் கடவுள் புதிதாகப் படைக்கிறார் என்றால் நீங்கள் கேட்ட கேள்வி வந்து நிற்கும். திருமண உறவில் கலக்கும் இச்சையோடு அவர் அதைப் பிணைத்தார். "தாம்பத்தியமே பாவம், அதனால் பிள்ளைக்குப் பாவம்" என்ற தவறான பேச்சு அங்கிருந்துதான் கிளைத்தது. குறிப்பில் அதன் வாடைகூட வரக்கூடாது.

அன்செல்ம் (1033–1109) திசையை மாற்றினார்: இருக்க வேண்டிய நீதி இல்லாமையே பிறப்புநிலைப் பாவம். 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அக்குவினாஸ் அதை முழுமையாக்கினார். அவர் பகுப்பில் ஆதி நீதியின் இல்லாமை இதன் வடிவம். ஒழுங்கு கெட்ட இச்சை இதன் பொருண்மை. குடத்துக்கு வடிவமும் மண்ணும்போல. மனுக்குலம் முழுவதும் ஒரே உடல் போன்றது. கை கொலை செய்தால், கையைத் தனியே எடுத்துக் குற்றம் சொல்வதில்லை. கையை அசைத்த சித்தத்தோடு சேர்த்தே சொல்கிறோம். அப்படி, பிறப்பித்தலால் நம்மை இயக்கிய முதல்வனின் சித்தத்தோடு சேர்த்தே இது "பாவம்" எனப்படுகிறது.

அவர் சொல்லும் ஒரு விளிம்பு நிலையைப் பாருங்கள், வழி என்ன என்பது பளிச்சென்று விளங்கும். ஒருவனை மனிதச் சதையிலிருந்து கடவுள் அற்புதமாக உருவாக்கினால், அவனுக்குப் பிறப்புநிலைப் பாவம் இராது. சதை அதேதான், ஆனால் பிறப்பித்தல் இல்லை. ஆகச் சதை கடத்தியாக இருப்பது காரணமல்ல. ஆதாமிலிருந்து பிறப்பித்தலால் இறங்கும் இயல்பைப் பெறுவதுதான் வாசல்.

உங்கள் கேள்விக்கு நேர் விடை: கடவுள் ஆன்மாவை நல்லதாகவே படைக்கிறார். இயல்புக்கு மேற்பட்ட கொடை, பழைய மறைக்கல்விப் புத்தகச் சொல்லில் தேவ இஷ்டப்பிரசாதம், அதில் இல்லை. எதுவும் உள்ளே நுழையவில்லை அக்கா.

மண்டபம்_சீர்திருத்தம்

பலர் கவனிக்காத ஒன்று. ஆத்துமாவின் தோற்றத்தில் சீர்திருத்த மரபினர் பெரும்பாலோர் கத்தோலிக்கர் பக்கம்தான்: தேவன் நேரடியாகப் படைக்கிறார். பெற்றோரிடமிருந்து ஆத்துமாவும் வருகிறது என்ற பக்கம் சாய்ந்தவர்கள் லூத்தரன்கள். அதனால் "கத்தோலிக்கர் எதிர் புராட்டஸ்டண்ட்" என்று ஒரே கோடு போட்டால் இந்த இடத்தில் கோடு உடையும்.

லூத்தரன் பக்கத்திலும் எல்லை உண்டு. ஃபிளாசியுஸ் என்பவர், விழுந்த மனுஷனுடைய பொருளே பாவம் என்று சொல்லும் அளவுக்குப் போனார். லூத்தரன் விசுவாச ஆவணமான 1577 இணக்க வாய்ப்பாட்டின் முதல் பிரிவு அதைத் தள்ளியது. பொருளே பாவமானால் தேவன் பாவத்தைப் படைக்கிறார் என்றாகும். கிறிஸ்து நம் சுபாவத்தை எடுத்தார் என்றும் சொல்ல முடியாது. சீர்கேடு சுபாவத்தில் ஒட்டியது, சுபாவமே அல்ல.

தொண்டி_விசுவாசி

அப்படியானால் கிறிஸ்து? மரியாளிடம் பிறந்தாரே.

மண்டபம்_சீர்திருத்தம்

வெஸ்ட்மின்ஸ்டரில் "சாதாரணப் பிறப்பித்தலால் வந்த சந்ததி" என்றிருக்கிறது. "சாதாரண" என்ற அந்த ஒரு சொல் கிறிஸ்துவுக்காகவே வைத்தது.

ஓரியூர்_வாசகன்

கத்தோலிக்கரிலும் அவ்வாறே. மரியாவைப் பற்றி மட்டும் தனி. திரெந்து தன் ஆணையில் அவரைச் சேர்க்க எண்ணவில்லை என்று எழுதிவைத்தது. 1854 டிசம்பர் 8-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அமல உற்பவத்தை, அதாவது மரியா ஜென்மப்பாவ மாசின்றிக் கருவானதை, அறிவித்தார். மரியாவும் சாதாரணப் பிறப்பித்தலால்தான் உருவானார். கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு, கருவான முதல் கணத்திலேயே காக்கப்பட்டார். அமல உற்பவம் என்றால் இயேசு கருவானது என்று நினைப்பவர்கள் நம் பங்குகளிலேயே உண்டு. அது மரியா தன் தாய் வயிற்றில் கருவானதைப் பற்றியது.

இராம்நாடு_உபதேசியார்

இனி மூன்றாம் கேள்வி. வகுப்பில் உண்மையில் உரசப்போவது இதுதான். குழந்தை வளர்ந்து பொய் சொல்லும், அடம்பிடிக்கும். "ஜென்மப்பாவம் போய்விட்டதென்றால் இது எங்கிருந்து?" என்று பெற்றோர் கேட்பார்கள்.

திரெந்தின் ஐந்தாம் விதி: மெய்யான பாவத்தன்மை உள்ளது எல்லாம் எடுபட்டுப்போகிறது. இச்சை எஞ்சுகிறது, போராட்டத்துக்காக. பவுல் அதைப் பாவம் என்று சொன்னாலும், பாவத்திலிருந்து வருவதாலும் பாவத்துக்குச் சாய்ப்பதாலும்தான் அப்பெயர். தன்னளவில் பாவம் அல்ல. எங்கள் ஒன்பதாம் விதி நேர் எதிர்: தன்னளவிலேயே பாவத்தன்மை உண்டு, ஆனால் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை.

1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கரும் கையெழுத்திட்ட, நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கை இதை மறைக்கவில்லை. 29-ஆம் பத்தியில் லூத்தரன் நிலை: எஞ்சுவது பாவமே, ஆனால் கிறிஸ்துவினால் ஆளப்படுகிற பாவம். 30-ஆம் பத்தியில் கத்தோலிக்க நிலை: பாவம் என்பதற்கு ஆளின் சம்மதம் வேண்டும், இச்சையில் அது இல்லை. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டன. இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள் அம்மா. இரு வீட்டாரும் சொந்த வீட்டுக் குரலை அதில் கேட்பார்கள்.

ஓரியூர்_வாசகன்

நடைமுறையும் கொஞ்சம். சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் பெற்றவருக்குக் கத்தோலிக்கத்தில் மறுபடி கொடுப்பதில்லை. உண்மையான ஐயம் இருந்தால் மட்டுமே நிபந்தனையோடு (திருச்சபைச் சட்டம் 869). பிழை நேரும் இடங்கள்: ஈரவிரலால் தொட்டுவிட்டு நிறுத்துவது, தண்ணீர் தலைமேல் ஓட வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் வாக்கியம் சொல்வது. ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். "நாங்கள் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்பது செல்லாது என்று 2020-இல் உரோமை அறிவித்தது. "நான்" என்றே இருக்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவி மூவர் பெயரும் வேண்டும்.

சாகும் ஆபத்தில் குழந்தை இருந்தால் குருவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சரியான எண்ணத்தோடு எவரும் கொடுக்கலாம் (சட்டம் 861): தண்ணீரை ஊற்றியபடியே அந்த வாக்கியம், அவ்வளவு போதும். பிழைத்த பின் பங்கில் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

சொல் பற்றி ஒன்று. "ஜென்மம்" என்றதும் பூர்வ ஜென்ம வினை நினைவுக்கு வரும். 17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் மறைபணி செய்த தத்துவ போதகர் தெ நோபிலி மறுபிறப்பை மறுத்துத் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. "பிறப்புநிலைப் பாவம்" என்று முதலில் எழுதி, பழைய சொல்லைப் பிறகு கொடுங்கள்.

பாம்பன்_மறைக்கல்வி

திருத்திய வரிகள்:

"ஆதாம் தனக்கும் நமக்கும் சேர்த்து இழந்த புனிதம் இல்லாமலேயே நாம் ஒவ்வொருவரும் பிறக்கிறோம். இதைப் பிறப்புநிலைப் பாவம் அல்லது ஜென்மப்பாவம் என்கிறோம். குழந்தை செய்த குற்றம் அல்ல இது, அந்த இல்லாமை மட்டும்தான். திருமுழுக்கு இதை நீக்குகிறது. எஞ்சும் இச்சை பாவம் அல்ல என்று கத்தோலிக்கரும், பாவமே ஆனாலும் தண்டனைக்கு உள்ளாக்காது என்று சி.எஸ்.ஐ.யில் சேர்ந்த மரபுகளும் போதிக்கின்றன."

இராம்நாடு_உபதேசியார்

"மட்டும்தான்" எங்களுக்கு ஆகாது அம்மா. சீர்கேடு விடுபட்டுப்போகிறது. "நீக்குகிறது" என்பதும் உங்கள் பக்கத்துச் சொல்.

ஓரியூர்_வாசகன்

எங்களுக்கும் ஆகாது. மறைக்கல்வி 405 இயல்பு காயப்பட்டது என்கிறது: அறியாமை, துன்பம், சாவின் ஆட்சி, பாவத்தின்பால் சாய்வு. இல்லாமையின் பின்விளைவு அது, ஆனால் இருக்கிறது.

பாம்பன்_மறைக்கல்வி

மூன்றாம் வாக்கியம் இப்போது: "குழந்தை செய்த குற்றம் அல்ல இது, ஆனால் இதனால் நம் இயல்பு காயப்பட்டுப் பாவத்தின்பால் சாய்ந்திருக்கிறது என்று கத்தோலிக்கரும், சீர்கெட்டே இருக்கிறது என்று மற்ற மரபுகளும் சொல்கின்றன." நான்காம் வாக்கியத்தை "திருமுழுக்கில் கடவுள் இதன் குற்றத்தை மன்னிக்கிறார்" என்று மாற்றினேன். மன்னிப்பு திரெந்திலும் இருக்கிறது, ஆக்ஸ்பர்க் பக்கத்திலும் இருக்கிறது. லிம்போ பத்தி இரண்டாம் பக்கத்தின் தலைப்பில் போகிறது. சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.